மைக் செட்டுக்கு நாடி பார்த்த கதை

புத்தியுள்ள ஊர்களில் கோயில் மைக் செட் கெட்டுப்போனால் ரிப்பேர்க்காரரைக் கூப்பிடுவார்கள். ஆவாரம்பட்டிக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அங்கே மன்றம் இருந்தது.

முத்தாலம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை. அதன் வாசலில் 'எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர் மன்றம்' என்று பலகை தொங்கும். மாவு மில் தவசிலிங்கம் தலைவர். தையல்கடை ஏகாம்பரம் செயலாளர். சைக்கிள் கடை சந்தியாகு பொருளாளர். உறுப்பினர் என்று யாரும் கிடையாது. இருந்த மூணு பேருமே பதவிக்குப் போய்விட்டதால் உறுப்பினராக இருக்க ஆள் மிச்சமில்லை.

அறைக்குள் பேசாத ரேடியோ, சுத்தாத ஃபேன், வாயைப் பிளந்தபடி கிடக்கும் டேப் ரெக்கார்டர் என்று அவர்கள் சேர்த்த சொத்தெல்லாம் இருந்தது. வாடகை கிடையாது. "கோயில் மைக் செட்டை நல்லாப் பாத்துக்கங்க, அது போதும்" என்று தர்மகர்த்தா நல்லமுத்து சொல்லிவிட்டார். மூவரும் சொன்ன சொல் தவறாதவர்கள். தினமும் சாயங்காலம் ஸ்டூலைப் போட்டு வரிசையாக உட்கார்ந்து, விளக்கு வைக்கும் வரை மைக் செட்டை நல்லாப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தவசிலிங்கம் ஒன்றைக் கண்டுபிடித்தார். மழையில் நனைந்த துண்டைக் காயப்போட இடம் தேடியபோது, மைக் செட்டின் முதுகிலிருந்து ஒரு பச்சைக் கம்பி கிளம்பிச் சுவரோரமாகப் போய் வெளியே மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தார்.

"ஏப்பா, இந்தக் கம்பி என்ன வேலை செய்யுது?"

ஏகாம்பரம் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். "கரண்ட்டு வரலண்ணே."

சந்தியாகு காதை வைத்துப் பார்த்தார். "சத்தமும் வரல."

மண்ணைத் தோண்டினார்கள். கரியும் உப்பும் இருந்தது.

"சமைக்கத் தெரியாத எவனோ அடுப்புக் கரியையும் உப்பையும் புதைச்சு வச்சிருக்கான்" என்றார் தவசிலிங்கம். "கரண்ட்டும் வராம, சத்தமும் வராம, இத்தன வருசமா அம்மன் சன்னதியில ஒரு கம்பி சும்மா உக்காந்து தின்னிருக்கு. அவுத்து விடுங்க."

கம்பியை மைக் செட்டிலிருந்து வெட்டி, ஆணிக்கு ஆணி கட்டினார்கள். துண்டு அழகாகக் காய்ந்தது.

மறுநாளே மைக் செட் இரைய ஆரம்பித்தது. 'ங்ங்ங்ஙொய்ய்ய்' என்று தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு சத்தம். பூசாரி வெள்ளையன் "கூழ் ஊத்தப் போறோம், எல்லாரும் வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டால் ஊருக்கு 'ங்ங்ங்' மட்டும்தான் கேட்டது. கூழ் பானையோடு ஆறிப்போனது. தர்மகர்த்தா நேராக அறைக்கு வந்தார்.

"ஆடிக் கடைசி வெள்ளிக்குள்ள இந்த இரைச்சல் நிக்கணும். நிக்கலையா, அறையைக் காலி பண்ணுங்க. உரக்கடைக்காரரு மூட்டை அடுக்க இடம் கேட்டுக்கிட்டிருக்காரு."

மூவருக்கும் சோறு இறங்கவில்லை. ஏன் என்றால், ஒரு துண்டு ஒயர் வாசப்படி தாண்டி வந்தாலும் அது அடுப்புக்குத்தான் என்று ஏகாம்பரத்தின் மனைவி எப்போதோ சொல்லியிருந்தாள். மற்ற இரண்டு வீட்டிலும் அதே சட்டம்தான். அறை போனால் ரேடியோவும் போகும், ஃபேனும் போகும், சாயங்காலமும் போகும்.

அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"இரைச்சல் காதுல விழுது. ஆனா கண்ணுல படல" என்றார் ஏகாம்பரம். "கண்ணுல படாத எதிரியோட எப்படிண்ணே மல்லுக்கு நிக்கிறது?"

"கண்ணுல காட்டுறதுக்கு ஒரு மிஷின் இருக்காம்" என்றார் சந்தியாகு. "ஆசிலாஸ்கோப்பு. அலைகாட்டின்னும் சொல்றாங்க. கம்பி வழியா வர்றதை எல்லாம் திரையில அலை மாதிரி வரைஞ்சு காட்டுமாம். பெருசு வாங்கணும்னா ஒரு கறவை மாட்டை விக்கணும். இப்ப சின்னதா ஒரு பெட்டி வந்திருக்காம். அதைக் கம்ப்யூட்டர்ல சொருகிட்டா கம்ப்யூட்டரே திரையாயிரும். எம் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த லேப்டாப் சும்மாதான் கெடக்கு."

மதுரையில் யோகவதி என்ற அம்மாள் நடத்தும் கடையில் அது கிடைக்கும் என்று விசாரித்து, போன் போட்டார்கள். "நீங்க ரிப்பேர் பாக்கப்போற சாமானைக் கொண்டாந்து, மாட்டிப் பாத்து வாங்குங்கண்ணே" என்றாள் அவள்.

மறுநாள் காலை பஸ்ஸில் மைக் செட் வந்தது. மைக் வந்தது. மைக் மாட்டும் கம்பு வந்தது. சந்தியாகு மகளின் லேப்டாப் வந்தது. கோபுரத்தில் கட்டியிருந்த புனல் ஸ்பீக்கரும் வந்து, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டது. கண்டக்டர் கேட்பதற்கு முன்னாலேயே சந்தியாகு அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்துவிட்டார். பெரியவருக்கா சின்னவருக்கா என்று கண்டக்டர் கேட்டதற்கு, "கோபுரத்துல இருக்கறவரு" என்று பணிவாகப் பதில் சொன்னார்.

யோகவதி பொறுமைசாலி. கல்லாவுக்குப் பின்னால் சின்ன மீனாட்சி படம் ஒன்று வைத்திருந்தாள். மூவரும் சாமான்களோடு உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

மேசைமேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்று தீப்பெட்டி அளவு. ஒன்று சோப்பு டப்பா அளவு. ஒன்று சாப்பாட்டு டப்பா அளவு.

"மூணுமே கையடக்கமா இருக்கும்ணே. எங்க வேணாலும் தூக்கிட்டுப் போகலாம்."

"யாரு கைக்கு அடக்கம்?" என்றார் ஏகாம்பரம்.

இது நியாயமான கேள்வி என்று மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மூவரும் கையை நீட்டி அளந்தார்கள். தவசிலிங்கத்தின் கை மாவு மூட்டை தூக்கிய கை, அகலமானது. அவருக்கு மூன்றுமே அடங்கின. ஏகாம்பரத்துக்கு ஊசி பிடிக்கும் கை. அவருக்குத் தீப்பெட்டியும் சோப்பு டப்பாவும்தான் அடங்கின. சந்தியாகுவுக்குத் தீப்பெட்டி மட்டும்தான்.

"சரி. எங்க வேணாலும் தூக்கிட்டுப் போகலாம்னு சொன்னியே தங்கச்சி, பழனி மலைக்கு?" என்றார் தவசிலிங்கம்.

"போகலாம்ணே."

"நீ போயிருக்கியா?"

"நான் போயிருக்கேன். பெட்டியைக் கொண்டுபோகல."

தவசிலிங்கம் மற்ற இருவரையும் அர்த்தத்தோடு பார்த்தார். "பழனிக்குத்தான் போயிப் பாக்க முடியாது. தெருக்கோடி வரைக்குமாவது தூக்கிப் பாத்துருவோம்."

தீப்பெட்டி அளவுப் பெட்டியின் ஒயரை யோகவதி அவர்கள் லேப்டாப்பில் சொருகியிருந்தாள். ஆகவே லேப்டாப்பைச் சந்தியாகு ஏந்திக்கொண்டார். பெட்டியை ஏகாம்பரம் எடுத்துக்கொண்டார். பெட்டியிலிருந்து தொங்கும் ஊசி ஒயரைத் தவசிலிங்கம் பிடித்துக்கொண்டார். சப்பரம் தூக்குகிற மாதிரி காலைச் சேர்த்து வைத்து, தெருக்கோடி வரை போய்த் திரும்பினார்கள். ஜூஸ் கடைக்காரர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தூக்க லேசுதான்" என்றார் தவசிலிங்கம் மூச்சு வாங்க. "மூணு பேரு போதும்."

யோகவதி அடுத்ததைக் கேட்டாள். "எவ்வளவு வேகமான அலையைப் பாக்கணும்? வேகம் கூடக்கூட விலையும் கூடும்."

"எங்க ஊர்ல யாருக்கும் அவசரம் இல்ல தாயி" என்றார் சந்தியாகு. "மெதுவா வர்றதே போதும்."

"மைக் செட் இரைச்சலுக்கு அது போதும்ணே" என்றாள் அவள், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. ஒரு பதிலாவது சரியாக வந்ததே என்று அவளுக்கு. "ஒரே நேரத்துல எத்தனை இடத்தைப் பாக்கணும்? ஒரு ஊசி உள்ளது இருக்கு, ரெண்டு ஊசி உள்ளது இருக்கு, நாலு ஊசி உள்ளது இருக்கு."

"நாங்க மூணு பேரு" என்றார் ஏகாம்பரம். "மூணு ஊசி உள்ளது காட்டு."

"பாக்கறது நீங்க மூணு பேரு. பாக்கப்படுறது ஒரு மைக் செட்டுதானேண்ணே?"

இதை யோசிக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். கடைசியில், ஊசி ஒன்று போதும், ஆனால் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துப் பிடிப்பது என்று தீர்மானம் ஆனது.

"இப்ப பெட்டியைக் கழட்டிடுறேன்" என்றாள் யோகவதி. "இதை வாங்கறதுக்கு முன்னாடி, இதுக்கான புரோகிராம் உங்க லேப்டாப்புல ஓடுதான்னு பாக்கணும். பெட்டி இல்லாமலே மாதிரிக்கு ஒரு அலை ஓடும், பாருங்க."

லேப்டாப்பில் தட்டினாள். பெட்டி இல்லை, ஊசி இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் திரையில் வைகையில் வெள்ளம் வந்த மாதிரி அழகான அலை ஓடியது.

மூவரும் லேப்டாப்பைத் தூக்கி அடியில் பார்த்தார்கள். முதலில் தெளிந்தவர் பொருளாளர்தான்.

"அண்ணே, பெட்டி இல்லாமலே அலை வருது."

"ஆமா."

"அப்ப பெட்டி எதுக்கு? இதை விடச் சல்லிசா எங்கயும் கிடைக்காதுண்ணே. கடையிலயே ரொம்ப நல்ல அலைகாட்டி எதுன்னா, வாங்காம விடுறதுதான்."

"ஆனா இது யாரோட அலை?" என்றார் ஏகாம்பரம்.

"யாரோடதா இருந்தா என்ன? நம்ம மைக் செட்டோட அலையை விட நல்லாத்தானே இருக்கு?"

யோகவதி எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். "அண்ணே, கல்யாணப் பொண்ணைப் பாக்கப் போனா, காலண்டர்ல இருக்கற பொண்ணைப் பாத்துட்டுத் திரும்புவீங்களா? உங்க மைக் செட்டை இங்க வைங்க."

தீப்பெட்டி அளவுப் பெட்டியை மறுபடி சொருகினாள். மைக் செட்டுக்குக் கரண்ட் கொடுத்து, ஊசியை வைத்தாள். புனல் ஸ்பீக்கர் 'ங்ங்ங்ஙொய்ய்ய்' என்றது. திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு அலை ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடியது.

தவசிலிங்கம் சட்டென்று கைகட்டி நின்றுவிட்டார். "இதை நான் முன்னாடியே பாத்திருக்கேன். எங்க மாமனாரைப் பெரியாஸ்பத்திரியில போட்டிருந்தப்ப தலைமாட்டுல இதே மாதிரிதான் ஓடுச்சு."

"ஆமாண்ணே, அதுவும் இது வகைதான்" என்றாள் யோகவதி. "அங்க நெஞ்சைக் காட்டும், இங்க மிஷினைக் காட்டும்." சொல்லிக்கொண்டே மைக் செட்டைத் திருப்பியவள், பின்பக்கம் அரைவிரல் நீளத்துக்கு வெட்டுப்பட்டு நின்ற பச்சைக் கம்பியைப் பார்த்தாள். "இதோட எர்த்துக் கம்பி எங்கண்ணே?"

"அது சும்மா இருந்துச்சு. துண்டு காயப்போட்டிருக்கோம்."

யோகவதி மீனாட்சியைப் பார்த்தாள். மீனாட்சி ஒன்றும் சொல்லவில்லை.

"இரைச்சல் அதனாலதாண்ணே. இருங்க, இப்பவே காட்டுறேன்" என்று ஒரு கம்பியை எடுத்தாள். அதே சமயம் கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று தெரியவில்லை. ஊர் பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. "சரிண்ணே. நீங்க ஊருக்குப் போயி அந்தக் கம்பியைப் பழையபடி மாட்டுங்க, சரியாப்போகும். உங்களுக்கு இந்தப் பெட்டியே வேண்டாம்."

மூவரும் மூலைக்குப் போய்க் கூடிப் பேசினார்கள்.

"விக்கிறவளே வேண்டாங்குறா. என்ன அர்த்தம்?"

"தன் பொருளை விட மனசில்லைன்னு அர்த்தம். அவ்வளவு நல்ல பொருள்."

"அப்ப விடக்கூடாது."

தீப்பெட்டி அளவே முடிவானது. விலை குறைந்தது அதுதான். மூன்று பேர் கைக்கும் அடங்கியதும் அதுதான். யோகவதி பெட்டியைக் கட்டிக் கொடுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "முதல்ல ஊசியை வச்சு அலையைப் பாருங்க. அப்புறம் பச்சைக் கம்பியை மாட்டுங்க. மாட்டிட்டு மறுபடி திரையைப் பாருங்க. வித்தியாசம் உங்களுக்கே தெரியும்."

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. கோயில் முழுக்க வேப்பிலைத் தோரணம். கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் மூவரும் குளித்து, திருநீறு பூசி, சந்தியாகு சிலுவைக் குறி போட்டு, லேப்டாப்புக்கு ஒரு சம்பங்கிப் பூ வைத்தார்கள்.

ஊசியை வைத்தார்கள். அலை ஏறி இறங்கி ஓடியது. ஸ்பீக்கர் 'ங்ங்ங்' என்றது.

"ஓடுது" என்றார் ஏகாம்பரம். "இப்ப கம்பி."

தவசிலிங்கம் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பச்சைக் கம்பியை ஆணியிலிருந்து அவிழ்த்தார். ஒரு முனையைக் கரிக்குழியில் இறக்கினார். மறு முனையை மைக் செட்டில் முறுக்கினார்.

இரைச்சல் நின்றது. கோயிலில் வேப்பிலை அசைகிற சத்தம் கேட்டது. மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

மேடு இல்லை. பள்ளம் இல்லை. ஒரே நேர்கோடு.

"எங்க மாமனாருக்கும் இப்படித்தான்" என்றார் தவசிலிங்கம் மெதுவாக. "மேலயும் கீழயும் போயிக்கிட்டிருந்துச்சு. திடீர்னு கோடாயிருச்சு. நர்ஸம்மா வந்து, 'முடிஞ்சுபோச்சுய்யா'ன்னுச்சு."

ஏகாம்பரம் மைக் செட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். "சூடு இன்னும் இருக்குண்ணே."

"கொஞ்ச நேரம் இருக்கத்தான் செய்யும்."

சந்தியாகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் அவருக்கு அந்தப் பயங்கரம் உறைத்தது.

"அண்ணே, தெருவுல சாவு விழுந்தாலே நடையைச் சாத்துவாங்க. இது கோயிலுக்குள்ளயே விழுந்திருக்கு."

பூசாரி வெள்ளையனிடம் ஓடிப்போய்ச் சொன்னார்கள். வெள்ளையன் நல்ல மனுஷன், யார் எதைச் சொன்னாலும் நம்புவார். செத்தது யார் என்று கேட்பதற்குள் கண் கலங்கிவிட்டார். நடை சாத்துவதானால் சனங்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று மைக்கை எடுத்தார்.

"பொதுமக்களுக்கு ஒரு துக்கமான அறிவிப்பு. நம்ம கோயில்ல ஒரு சாவு விழுந்துருச்சு. எடுக்கற வரைக்கும் நடை சாத்தப்படும்."

ஆவாரம்பட்டியில் இதுவரை எந்த அறிவிப்பும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. கடைசித் தெருவில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவனுக்குப் பூசாரி மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது.

அறைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் கத்தினார். "அண்ணே, துடிக்குது. துடிக்குது." பூசாரி பேசப் பேசக் கோடு துள்ளியது. அவர் மைக்கை வைத்ததும் அடங்கிவிட்டது.

"கடைசி மூச்சு" என்றார் தவசிலிங்கம். "இழுத்துக்கிட்டு இருந்திருக்கு பாவம்."

தர்மகர்த்தா வேட்டி அவிழ ஓடிவந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. "யாருய்யா போனது?"

தவசிலிங்கம் திரையைக் காட்டினார். தர்மகர்த்தாவும் ஒரு தரம் ஆஸ்பத்திரி பார்த்தவர்தான். கோட்டைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"கடைசி வெள்ளியில நடை சாத்துனா ஊருக்கே ஆகாதேப்பா. ஒண்ணும் பண்ண முடியாதா?"

"எப்படிப் போச்சு?" என்று சந்தியாகு தனக்குள் கேட்டுக்கொண்டார். "இப்பதான் நல்லா இருந்துச்சு. கம்பியைக் கழுத்துல சுத்துன பிறகுதான…" அவர் நிறுத்தினார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணே, நாமதான் சுருக்குப் போட்டுட்டோம்."

ஏகாம்பரம் பாய்ந்து போய்க் கத்திரிக்கோலை எடுத்தார். துணி வெட்டும் கத்திரி. பச்சைக் கம்பியை ஒரே வெட்டு.

'ங்ங்ங்ஙொய்ய்ய்.'

அலை மறுபடி ஏறி இறங்கி ஓடியது. கூட்டத்தில் ஒரு பெண் குலவையிட்டாள். தர்மகர்த்தா மைக் செட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூசாரி நடையைத் திறந்தார்.

"இரைச்சல் இரைச்சல்னு திட்டுனேனே, அது மூச்சு விடுற சத்தம்னு தெரியாமப் போச்சே" என்று தர்மகர்த்தா தழுதழுத்தார். "ஆடி வெள்ளியில அம்மன் சன்னதியில ஒரு உசுரைக் காப்பாத்திட்டீங்க. அறை இனி உங்களுக்குத்தான். உரக்கடைக்காரர் வேற இடம் பாத்துக்கட்டும்."

இதையே ஊருக்கும் மைக்கில் சொன்னார். ஊருக்கு 'ங்ங்ங்' என்று கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் மத்தியானம் கூழ் ஊற்றி முடித்த கையோடு ஊரில் கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் பேட்டரி இருந்ததால் திரை அணையவில்லை. கோடு மட்டும் நேராகிவிட்டது.

இந்தத் தடவை வெட்டுவதற்கும் கம்பி இல்லை. ஒரு மணி நேரம் பார்த்தார்கள். உடம்பும் குளிர்ந்துவிட்டது.

"ஆகவேண்டியதைப் பாக்கணும்" என்றார் தர்மகர்த்தா. "மொட்டை யாரு போடுறது?"

"எங்க வழக்கத்துல மொட்டை இல்லங்க" என்றார் சந்தியாகு.

ஏகாம்பரம் குனிந்து தன் தலையைக் காட்டினார். அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். தவசிலிங்கத்துக்குத் தலை நிறைய முடி. அவர் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். நாவிதர் வலப்பக்கத்தை வழித்து முடித்து, இடப்பக்கம் தண்ணீர் தடவும்போது கரண்ட் வந்துவிட்டது.

'ங்ங்ங்ஙொய்ய்ய்.'

"எந்திரிச்சிருச்சு" என்று கத்திக்கொண்டு ஏகாம்பரம் ஓடிவந்தார். "நிறுத்துங்க. உசுரோட இருக்கறதுக்கு மொட்டை போட்டா ஆயுசு குறையும்."

நாவிதர் கத்தியை மடக்கினார். மீதியை எடுக்கலாமா கூடாதா என்று ஊர் கூடிப் பேசியது. துக்கத்துக்கு என்று உட்கார்ந்த மொட்டையைத் துக்கம் இல்லாமல் முடிக்கக்கூடாது, ஆரம்பித்ததைப் பாதியில் விட்டு வளர்க்கவும் கூடாது என்று தர்மகர்த்தா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அறை மன்றத்திடம்தான் இருக்கிறது. பச்சைக் கம்பியை மறுபடி ஆணிக்கு ஆணி கட்டித் துண்டு காயப்போட்டிருக்கிறார்கள். ஏகாம்பரமும் சந்தியாகுவும் ஸ்டூல் போட்டு மைக் செட்டை நல்லாப் பார்த்துக்கொள்கிறார்கள். தவசிலிங்கம் மட்டும் வாசலில், நாவிதரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, பாதித் தலையோடு அடுத்த தடவை கரண்ட் போவதற்காகக் காத்திருக்கிறார்.